பச்சை ஒளி மங்கினால் பூஞ்சை செத்துவிட்டதா?

கேள்வி: ஜிஎஃப்பி என்னும் பச்சை ஒளிர் புரதத்தை ஏற்றிய கேண்டிடா பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் ஆகியும் ஒளி குறையவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். முதலில், ஃப்ளூகோனசோல் கேண்டிடாவைக் கொல்லும் மருந்தல்ல, பூஞ்சைச் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்பின் உற்பத்தியைத் தடுத்து வளர்ச்சியை நிறுத்துவது. அடுத்து, ஜிஎஃப்பி லேசில் சிதையாத புரதம். செல் புதிதாக எதையும் தயாரிக்காவிட்டாலும் முன்பே செய்துவைத்த சரக்கு பல மணி நேரம் ஒளிரும். இப்போதைய நிலவரம் வேண்டுமென்றால், பெஸ்ட் என்னும் வால்பகுதியை ஒட்டி விரைவில் சிதையும்படி செய்த ஜிஎஃப்பியை எடுங்கள். கூடவே புரோப்பிடியம் அயோடைடு போடுங்கள். சவ்வு சிதைந்த செல்லுக்குள் மட்டும் நுழைந்து சிவப்பாக ஒளிரும் சாயம் அது. பிழைத்தவை எத்தனை என்பதற்குக் கடைசிச் சாட்சி, தட்டில் பரப்பி எண்ணும் காலனிகள்தான்.

கேள்வி: நேர்மாறாக, ஆம்போடெரிசின் பி என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கொடுத்ததும் ஒளி சட்டென்று மங்கியது. இதையாவது சாவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரம் வேண்டாம். ஜிஎஃப்பியின் மேம்படுத்திய வடிவமான ஈஜிஎஃப்பி அமிலத்தைத் தாங்காது; பிஎச் 6 அளவுக்கு இறங்கினாலே ஏறக்குறைய பாதி ஒளி போய்விடும். உங்கள் ஊடகம் அமிலமாக இருந்து, மருந்து சவ்வை ஓட்டையாக்கினால், செல்லின் உள்ளேயும் பிஎச் சரியும். புரதம் அங்கேயே இருக்கும், ஒளி மட்டும் இருக்காது. அதே செல்லில் எம்செர்ரி என்னும் சிவப்பு ஒளிர் புரதத்தையும் வையுங்கள். அதன் சிவப்பு, அமிலத்துக்கு அவ்வளவாக அசையாது. பச்சை மங்கிச் சிவப்பு நின்றால் அமிலமேற்றம்; இரண்டும் செல்லை விட்டுப் போனால் கசிவு. இதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். பிளேட் ரீடர் என்னும் கருவி, சோதனைத் தட்டிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் (சிறு குழியின்) மொத்த ஒளியை எண்ணுமே தவிர, அது உள்ளே இருக்கிறதா வெளியே சிந்திவிட்டதா என்று சொல்லாது.

இன்னொன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஆரஞ்சு நிறச் சாறு ஒளியை அப்படியே அணைத்ததைப் பார்த்து நான் ஒரு வாரம் மகிழ்ந்திருந்தேன். ஜிஎஃப்பியைத் தூண்டும் 488 நானோமீட்டர் ஒளியைச் சாறே விழுங்கிக்கொண்டிருந்தது. பூஞ்சை சௌக்கியமாக வளர்ந்துகொண்டிருந்தது.

கேள்வி: பாலூட்டிச் செல்களில் நன்றாக ஒளிர்ந்த ஈஜிஎஃப்பி மரபணு கேண்டிடா அல்பிகன்ஸில் ஏன் ஒளிரவில்லை?

பெரும்பாலான உயிர்கள் சியூஜி என்னும் மூன்றெழுத்து மரபுக் குறியீட்டை லியூசின் என்னும் அமினோ அமிலமாகப் படிக்கும். இந்தப் பூஞ்சை செரின் என்று படிக்கும். உங்கள் மரபணுவில் சியூஜி ஏராளம், அதனால் புரதம் பிழையாக உருவாகும். ஈஸ்டுக்காகத் திருத்திய, 1997இலிருந்து புழக்கத்தில் உள்ள ஒய்ஈஜிஎஃப்பியை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: சாவைத் தவிர வேறெதையும் இந்த முறையில் பார்க்க முடியாதா?

அதற்குத்தான் இந்த முறையே! எவ்வளவு ஒளி என்பதைவிட, ஒளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நெருக்கடிச் செய்தியைக் கடத்தும் ஹாக்1 புரதத்தோடு ஜிஎஃப்பியை இணைத்த ஈஸ்டில் உப்பைச் சேர்த்தால், செல் முழுக்கப் பரவியிருந்த பச்சை சில நிமிடங்களில் உட்கருவுக்குள் ஒரு புள்ளியாகத் திரளும். செல் நெருக்கடியை உணர்ந்துவிட்டது என்று பொருள். கால்சியம் சமிக்ஞைக்கு கிர்ஸ்1 என்னும் புரதம் அப்படி நகரும்.

எனக்குப் பிடித்த காட்சி ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்னும் இழைப் பூஞ்சையில். செல் சுவரைத் தாக்கும் காஸ்போஃபங்கின் மருந்து பட்டதும் இழையின் நுனி வெடித்து, அந்த அறையின் பச்சை ஒரே நொடியில் கொட்டிப்போகும். ஆனால் ஒட்டியிருக்கும் அடுத்த அறை அப்படியே ஒளிரும். குறுக்குச் சுவரின் துளையை செல்லுக்குள் இருக்கும் வோரோனின் துணுக்கு தக்கைபோல அடைத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் காத்திருந்தால், காலியான அறைக்குள்ளேயே புது இழை வளர்ந்து வருவதையும் பார்க்கலாம். சராசரி எண்ணை மட்டும் எடுத்தால் இது எதுவுமே தெரியாது.

கேள்வி: பூஞ்சையே சேர்க்காத கிணறும் பச்சையாகத் தெரிகிறதே?

ஈஸ்ட் சாறு கலந்த ஊடகம் தானே ஒளிரும், அதிலுள்ள ரைபோஃப்ளேவினால். ரைபோஃப்ளேவின் சேர்க்காத செயற்கை ஊடகத்துக்கு மாறுங்கள். ஜிஎஃப்பி இல்லாத தாய் வகையையும் மருந்தோடும் மருந்தில்லாமலும் ஓட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒளி அளவை வைத்தே எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு, குறிக்கலாமா?

தரப்படுத்திய எம்ஐசி வளர்ச்சியைக் கொண்டு கணிப்பது. ஒளி அதற்கு மாற்றாகாது. இழைப் பூஞ்சைகள் திரண்டு கட்டியாவதால் கலங்கல் அளவீடு அங்கே தடுமாறும்; அப்போது ஒளி கைகொடுக்கும். அதற்கு முன், ஜிஎஃப்பி ஏற்றிய வகைக்கும் தாய் வகைக்கும் ஒரே எம்ஐசிதானா என்று சோதித்துவிடுங்கள்.