ஒரு நடிகரின் மத நம்பிக்கை, மனநல மருந்து பற்றிய நம் எண்ணத்தை மாற்றுமா?

மாற்றும். ஆனால் அவர் நினைத்த திசையில்தான் என்று சொல்ல முடியாது. 2005-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

நடிகை புரூக் ஷீல்ட்ஸ், குழந்தை பிறந்த பின் வந்த மனச்சோர்வுக்கு மருந்து எடுத்ததை வெளிப்படையாகச் சொன்னார். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் அதைக் கண்டித்தார். அவர் சார்ந்த சயின்டாலஜி, மனநல மருத்துவத்தையே எதிர்க்கும் மதம். அந்த ஜூனில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், மனச்சோர்வுக்குக் காரணமாகச் சொல்லப்படும் மூளையின் ரசாயனச் சமநிலைக் குறைவு என்று எதுவும் கிடையாது என்றார். வைட்டமினும் உடற்பயிற்சியும் போதும் என்பது அவர் கட்சி.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வை வெறும் ரசாயனக் குறைவு என்று விளக்குவது மிக எளிமையாக்கிய விளக்கம்தான். இன்று மனநல மருத்துவர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் மருந்து வேலை செய்யாது என்று ஆகிவிடாது. பலன் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் உடனே மறுத்தது. ஷீல்ட்ஸ் நியூயார்க் டைம்ஸில் பதில் எழுதினார். வெட்கப்பட்டு மறைத்த ஒரு நோயைப் பற்றி ஊரே பேசியது! 2006-இல் குரூஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். மருந்து பற்றிய கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

எனக்குக் கவலை, இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு மாத்திரையைத் தானே நிறுத்துபவர்களைப் பற்றித்தான். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். நிறுத்த விரும்பினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைப் படிப்படியாகக் குறைப்பார். பிரார்த்தனை ஆறுதல் தருகிறதா? சரி, தொடருங்கள். மாத்திரைக்கும் அதற்கும் சண்டை இல்லை.