காஞ்ச புல்லும் விகுன்யா வயிறும்

கேள்வி: தென் அமெரிக்காவோட ஆண்டிஸ் மலைல 4,000 மீட்டர் உயரத்துல காஞ்ச புல்லுதான் இருக்குங்கறாங்க. அதுல என்ன சத்து இருக்கும்? அத தின்னு விகுன்யாங்கற காட்டுப் பிராணி எப்படி தாக்குப்பிடிக்குது? மாடு மாதிரி நாலு அறை வயிறா?

பதில்: நாலு இல்லீங்க, மூணு. விகுன்யா, குவானாக்கோ ரெண்டும் ஒட்டகக் குடும்பம், அந்தக் குடும்பத்துக்கே மூணு அறைதான். ஆனா அசை போடும், முதல் அறைல இருக்கற நுண்ணுயிருங்க நார நொதிக்க வெச்சு கொழுப்பு அமிலமா மாத்தும், உடம்புக்கு எனர்ஜி பெரும்பாலும் அதுலேர்ந்துதான். இதுவரைக்கும் மாடு, ஆடு கதைதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுக்கப்புறம் வருது: தின்னத அவ்வளவு சீக்கிரம் வெளிய விடாது. உடம்பு எடைக்கு ஆடு திங்கறதவிட கம்மியா தின்னும், தின்னத கூட நேரம் வயித்துலயே வெச்சிருக்கும், அதனால நுண்ணுயிருக்கு நார உடைக்க நேரம் கிடைக்குது. மட்டமான தீவனம்னா ஆட்டவிட இதுங்க நல்லா செரிக்கறது இதனாலதான். நல்ல பசுந்தீவனம் கொடுத்தா அந்த வித்தியாசம் பெருசா இருக்காது.

புரோட்டீனுக்கு என்ன பண்ணும்னு அடுத்து தோணும். மழை நின்னு புல்லு காஞ்சா முதல்ல குறையறது புரோட்டீன்தான். அப்ப யூரியாங்கற நைட்ரஜன் கழிவ சிறுநீர்ல முழுசா வீணாக்காம ரத்தம், எச்சில் வழியா திரும்ப வயித்துக்கே அனுப்பும், நுண்ணுயிருங்க அத வெச்சு வளரும், அப்புறம் அந்த நுண்ணுயிரே செரிச்சு புரோட்டீனா சேந்துடும்.

ஆனா கண்டதையும் மேயும்னு நெனச்சுடாதீங்க. இச்சுன்னு சொல்ற உயரமான முரட்டுப் புல்லு சுத்தி எவ்வளவு இருந்தாலும் விகுன்யா தேடிப் போறது தரையோட ஒட்டி வளர்ற குட்டைப் புல்லையும் சின்னச் செடியையும்தான், அதுக்கேத்த மாதிரி பிளந்த மேல் உதடு, தேயத் தேய வளர்ந்துகிட்டே இருக்கற கீழ் முன்பல்லு. குவானாக்கோ வேற ரகம், புல்லு இல்லேன்னா புதர், மரக்கன்னு எல்லாம் கடிக்கும், தென் அமெரிக்காவோட தெக்கு நுனில இருக்கற தியரா தெல் ஃபுவேகோல லெங்கா மரக்கன்னையே விடறதில்ல.

கேள்வி: காட்டுல திரியற பிராணி என்ன தின்னுச்சுன்னு எப்படி கண்டுபிடிப்பாங்க?

பதில்: சாணத்துலதான். கூட்டமா ஒரே இடத்துல போடற பழக்கம் இருக்கறதால தேடி அலைய வேணாம். செரிக்காம மிஞ்சின இலைத்தோல மைக்ரோஸ்கோப்ல பாத்தா எந்தச் செடின்னு தெரியும், நைட்ரஜன் அளந்தா தீவனத்தோட தரம் ஓரளவு பிடிபடும். மழை இல்லாத காலத்துலயும் பச்சையா நிக்கற போஃபெதால்ங்கற ஈர நிலத்துல, வீட்டுல வளர்க்கற ஒட்டகக் குடும்பத்து அல்பாக்காவும் செம்மறியும் சேந்து மேயறப்ப விகுன்யாவுக்கு என்ன மிஞ்சுதுன்னு பாக்க இந்த மாதிரி வேலை கட்டாயம் வேணும், வெறும் தலை எண்ணிக்கை பத்தாது.