1992-க்கு முன்னாலும் பந்து உருண்டது: ஆங்கில லீக் கேள்வி பதில்

இங்கிலாந்து லீக் கால்பந்தின் பழைய கதைகளையும் சாதனைகளையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘மெஸ்ஸியா ரொனால்டோவா’ ரகக் கேள்விகளைத் தொடவில்லை. அந்தச் சண்டைக்கு வேறு இடம் இருக்கிறது.

செந்தில்: இங்கிலாந்து லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஆலன் ஷியரர்தானே? டிவியில் அப்படித்தான் சொல்கிறார்கள். என் அப்பா இல்லை என்கிறார்.

அப்பா சொல்வதைக் கேளுங்கள். ஷியரரின் 260 கோல் என்பது 1992-ல் பிரீமியர் லீக் என்று பெயர் மாறிய பிறகான கணக்கு. அந்த வருடம் முதல் டிவிஷனில் (அப்போது அதுதான் மேல்மட்டம்) இருந்த கிளப்புகள் மொத்தமாக விலகி, டிவி ஒப்பந்தப் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளத் தனி லீக் தொடங்கின. ஆடிய அணிகள் அவையே, மைதானங்களும் அவையே. கடைசியில் வருபவை கீழ் டிவிஷனுக்கு இறங்குவதும் அங்கே முன்னால் வருபவை ஏறுவதும்கூட அப்படியே தொடர்ந்தது. எண்ணுவதை மட்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

மேல்மட்ட டிவிஷனில் அதிக கோல் ஜிம்மி கிரீவ்ஸுடையது: 357. எல்லா டிவிஷன்களையும் சேர்த்தால் ஆர்தர் ரௌலி, 619 ஆட்டங்களில் 434 கோல். வெஸ்ட் பிராம், ஃபுல்ஹாம், லெஸ்டர், கடைசியில் ஷ்ரூஸ்பரி என்று ஆடியவர். இங்கிலாந்து அணிக்கு ஒரு முறைகூட அழைக்கப்படவில்லை. இந்தப் பெயரைக் கேள்விப்படாமலே வாரம் தவறாமல் மேட்ச் பார்ப்பவர்கள் ஏராளம். அதில்தான் எனக்கு வருத்தம்.

மீனாட்சி: லீக் என்ற யோசனை யாருடையது? கோப்பைப் போட்டி ஏற்கெனவே இருந்ததே?

இருந்தது, எஃப்ஏ கோப்பை என்ற பெயரில். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது. 1885-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டப்படி சரி என்றாகிவிட்டது. சம்பளம் வாராவாரம் போகவேண்டும். ஆனால் வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லை. கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றால் அதோடு சரி. மற்ற சனிக்கிழமைகளுக்கு நட்பு ஆட்டம் ஏற்பாடு செய்திருப்பார்கள். எதிரணிக்குக் கோப்பை ஆட்டம் வந்துவிட்டால் கடைசி நேரத்தில் வரமாட்டோம் என்று தகவல் வரும். வந்தாலும் பத்துக்குப் பூஜ்யம் என்று முடிகிற ஆட்டத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்ரெகர், ஆஸ்டன் வில்லா நிர்வாகிகளில் ஒருவர். 1888 மார்ச் 2-ம் தேதி சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார்: பத்துப் பன்னிரண்டு முக்கிய அணிகள் ஒன்றுசேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றதன் ஊருக்குப் போய் ஒரு ஆட்டம், சொந்த ஊரில் ஒரு ஆட்டம் என்று சீசன் முழுக்கத் தேதி குறித்துக்கொள்வோம். அவ்வளவுதான் யோசனை. அந்த மாதமே லண்டன் ஆண்டர்டன்ஸ் ஹோட்டலில், எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் கூடிப் பேசினார்கள். ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டர் ராயல் ஹோட்டலில் லீக் முறைப்படி உருவானது. செப்டம்பர் 8 அன்று முதல் ஆட்டங்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆட ஆரம்பித்தபோது புள்ளிக் கணக்கே முடிவாகவில்லை என்பது. வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று நவம்பரில்தான் தீர்மானித்தார்கள்.

அன்வர்: அந்த முதல் 12 அணிகள் எவை? மான்செஸ்டர் யுனைடெட் உண்டா?

இல்லை. யுனைடெட் அப்போது நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்தது. 1892-ல்தான் லீக்கில் சேர்ந்தது. லிவர்பூல் கிளப் பிறந்ததே 1892-ல். லண்டனிலிருந்து ஒரு அணிகூடக் கிடையாது. லங்காஷயரிலிருந்து ஆறு: அக்ரிங்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, எவர்டன், பிரஸ்டன். மிட்லண்ட்ஸ் பக்கம் ஆறு: ஆஸ்டன் வில்லா, டார்பி, நாட்ஸ் கவுன்டி, ஸ்டோக், வெஸ்ட் பிராம், வுல்வ்ஸ். பஞ்சாலை, சுரங்கம், இரும்புப் பட்டறை ஊர்கள். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வருகிற கூட்டம்.

பன்னிரண்டில் அக்ரிங்டன் மட்டும் மறைந்துவிட்டது. 1893-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கு என்றதும் ரோஷத்தில் லீக்கை விட்டே போனார்கள். இன்றைய அக்ரிங்டன் ஸ்டான்லி வேறு கிளப்.

லிவர்பூல் ரசிகர்களைச் சீண்ட ஒன்று: இன்று லிவர்பூல் ஆடும் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வந்த முதல் லீக் பட்டம் எவர்டனுடையது. 1891-ல் அதுதான் அவர்கள் மைதானம்.

கார்த்திக்: தோல்வியே இல்லாமல் சாம்பியன் ஆனதில் பெரியது பிரஸ்டனா, ஆர்சனலா?

பிரஸ்டன் 1888-89: 22 ஆட்டம், 18 வெற்றி, 4 டிரா. அதே சீசனில் எஃப்ஏ கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தார்கள். ஆர்சனல் 2003-04: 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா.

என் ஓட்டு ஆர்சனலுக்கு. 22 ஆட்டம் தோற்காமல் இருப்பது வேறு, ஐரோப்பியப் போட்டிகளுக்கு நடுவே 38 ஆட்டம் தோற்காமல் இருப்பது வேறு. பிரஸ்டனோ ஸ்காட்லாந்திலிருந்து ஆட்களைக் காசு கொடுத்துக் கொண்டுவந்து கட்டிய அணி. மற்றவர்கள் பிடித்துவர இரண்டு வருடம் ஆனது. 1889, 1890-க்குப் பிறகு இன்றுவரை அவர்களுக்கு லீக் பட்டம் இல்லை.

ராஜேஷ்: கோல் ஆவரேஜ், கோல் டிஃபரன்ஸ் இரண்டும் ஒன்றுதானே? ஏன் மாற்றினார்கள்?

ஒன்றல்ல. இரண்டு சாம்பியன் பட்டங்கள் இந்த வித்தியாசத்தில் தொங்குகின்றன. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1976 வரை புள்ளி சமமானால் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். அது ஆவரேஜ். 1976-77 முதல் கழிக்கிறார்கள். அது டிஃபரன்ஸ். வகுத்தால் கோல் வாங்காமல் இருப்பவனுக்கு லாபம். கழித்தால், வித்தியாசமும் சமமாகும்போது அதிகம் அடித்தவனுக்கு முன்னுரிமை. தடுப்பாட்டத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தத்தான் மாற்றினார்கள்.

1923-24. கடைசி நாள் காலையில் கார்டிஃப் சிட்டி ஹடர்ஸ்ஃபீல்டைவிட ஒரு புள்ளி முன்னால். பர்மிங்ஹாமில் ஜெயித்தால் பட்டம் வேல்ஸுக்கு. கோல் விழாமல் ஆட்டம் போய்க்கொண்டிருக்கும்போது கார்டிஃபுக்குப் பெனால்டி. லென் டேவிஸ் அடித்தார், கோல்கீப்பர் பிடித்துவிட்டார். 0-0. அங்கே ஹடர்ஸ்ஃபீல்டு 3-0 ஜெயித்தது. இருவரும் 57 புள்ளி. ஹடர்ஸ்ஃபீல்டு அடித்தது 60, வாங்கியது 33; வகுத்தால் 1.818. கார்டிஃப் 61-க்கு 34, 1.794. பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு.

இப்போது கழித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் 27. அதிகம் அடித்தது கார்டிஃப். இன்றைய விதியில் அவர்கள்தான் சாம்பியன்! லீக் பட்டத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கார்டிஃப் மறுபடி வரவே இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டோ தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியன்.

அடுத்தது 1989 மே 26, ஆன்ஃபீல்டு. சீசனின் கடைசி ஆட்டம், பட்டத்துக்கு லிவர்பூலும் ஆர்சனலும் நேருக்கு நேர். ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் மைக்கேல் தாமஸ் இரண்டாவதை அடித்தார். இருவரும் 76 புள்ளி, டிஃபரன்ஸ் இருவருக்கும் 37. ஆர்சனல் 73 அடித்திருந்தது, லிவர்பூல் 65; பட்டம் ஆர்சனலுக்கு. பழையபடி வகுத்திருந்தால்? ஆர்சனல் 73-க்கு 36, சுமார் 2.03. லிவர்பூல் 65-க்கு 28, சுமார் 2.32. கோப்பை ஆன்ஃபீல்டை விட்டே போயிருக்காது. தாமஸின் கோலை ஆயிரம் தடவை போட்டுக் காட்டும் டிவியில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

தமிழ்ச்செல்வன்: டிக்ஸி டீன் ஒரே சீசனில் 60 கோல் அடித்தது நிஜமா? அந்தக் காலத்துத் தடுப்பாட்டம் அவ்வளவு மோசமா?

நிஜம். 1927-28, எவர்டனுக்கு, 39 லீக் ஆட்டங்களில். அதற்கு முந்தின சீசனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் காம்ஸெல் இரண்டாம் டிவிஷனில் 59 அடித்திருந்தார். கடைசி ஆட்டத்துக்கு முன் டீனிடம் 57. எதிரே ஆர்சனல். எவர்டன் ஏற்கெனவே சாம்பியன். ஊரே மூன்று கோலை எண்ணத்தான் வந்திருந்தது. மூன்றாவதைக் கார்னரிலிருந்து தலையால் முட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டை ஓடு உடைந்து, இனி ஆடவே முடியாது என்று சொல்லப்பட்ட ஆள் அவர்.

தடுப்பாட்டம் மோசம் என்பதைவிட, விதி புதிது என்பதுதான் சரி. 1925 வரை பந்து உன்னிடம் அடிக்கப்படும்போது உனக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு. நியூகாசிலின் பில் மெக்ராக்கன் போன்ற தடுப்பாளர்கள் இதை வைத்தே ஆட்டத்தை நடுக்கோட்டுப் பக்கத்தில் முடக்கிவிட்டார்கள். 1925-ல் மூன்றை இரண்டாக்கியதும் அணை திறந்துவிட்டது. லீக் முழுவதும் சேர்த்து 4,700 கோலாக இருந்தது அடுத்த சீசனில் 6,373. அந்த வெள்ளத்தில் காம்ஸெலும் டீனும் நீந்தினார்கள். ஆனால் அதே விதியில் ஆடிய மற்ற எவரும் 60 அடிக்கவில்லையே! டீனின் பெருமையில் ஒரு குறையும் இல்லை.

அந்த 60 கோலுக்கு அவர் சம்பளம் வாரம் 8 பவுண்டு. அதற்கு மேல் கொடுக்க விதி இடம் தராது. சம்பள உச்சவரம்பு 1961-ல் எடுக்கப்பட்டபோதுகூட வாரம் 20 பவுண்டுதான். எடுத்ததும் ஃபுல்ஹாம் ஜானி ஹேன்ஸுக்கு 100 கொடுத்தது.

பிரியா: ஒரே ஆட்டத்தில் அதிக கோல்?

ஜோ பெய்ன், 10. லூட்டன் 12, பிரிஸ்டல் ரோவர்ஸ் 0. 1936 ஏப்ரல் 13, மூன்றாம் டிவிஷன் தெற்கு. அவர் நடுவரிசை ஆட்டக்காரர். முன்வரிசையில் ஆளில்லாமல் இறக்கிவிட்டார்கள்.

விக்னேஷ்: சாம்பியன் அணி அடுத்த வருடமே கீழே இறங்கியது உண்டா?

ஒரே ஒரு முறை, மான்செஸ்டர் சிட்டி. 1937-ல் சாம்பியன், 1938-ல் 22-க்கு 21-ம் இடம். இறங்கிய அந்த சீசனில் டிவிஷனிலேயே அதிக கோல் அடித்ததும் அவர்கள்தான்: 80. சாம்பியன் ஆர்சனல் 77. இப்படி ஒரு விசித்திரத்தைச் செய்ய சிட்டியால்தான் முடியும் என்று பழைய ரசிகர்கள் சிரிப்பார்கள். இப்போதைய சிட்டியை மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியாது.

ஜெயராமன்: ஆர்சனல் பின்வாசல் வழியாக முதல் டிவிஷனுக்கு வந்தது என்று டாட்டன்ஹாம்காரர்கள் சொல்வது உண்மையா?

உள்ளே வந்தது உண்மை. லஞ்சம் கொடுத்தார்கள் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

போருக்கு முந்தைய கடைசி சீசன் 1914-15. முதல் டிவிஷனில் செல்சி 19-ம் இடம், டாட்டன்ஹாம் 20-ம் இடம், அதாவது கடைசி. போர் முடிந்து 1919-ல் டிவிஷனை 20-லிருந்து 22 ஆக்கினார்கள். இப்படிப் பெரிதாக்கினால் இறங்க வேண்டிய இருவரையும் அப்படியே வைத்துக்கொள்வது வழக்கம். செல்சியை வைத்துக்கொண்டார்கள். காரணம், 1915-ல் மான்செஸ்டர் யுனைடெட் லிவர்பூலை 2-0 ஜெயித்த ஆட்டம் பந்தயப் பணத்துக்காகப் பேசிவைத்து ஆடியது என்று நிரூபணமாகியிருந்தது. யுனைடெட் செல்சியைவிட ஒரே புள்ளிதான் மேலே. ஆக செல்சிமேல் அனுதாபம்.

மிச்சம் ஒரு இடம். அதற்கு ஓட்டெடுப்பு. இரண்டாம் டிவிஷனில் முதல் நான்கு இடங்களில்கூட இல்லாத ஆர்சனல், தலைவர் ஹென்றி நாரிஸின் காய்நகர்த்தலில் மனுப் போட்டது. லீக் தலைவர் ஜான் மெக்கென்னா, ஆர்சனல் நீண்டகால உறுப்பினர் என்று பரிந்து பேசினார். ஆர்சனலுக்கு 18 ஓட்டு, டாட்டன்ஹாமுக்கு 8. மூன்றாம் இடம் பிடித்திருந்த பார்ன்ஸ்லிக்கு 5. உண்மையில் வயிறெரிய வேண்டியவர்கள் பார்ன்ஸ்லிக்காரர்கள். டாட்டன்ஹாம் கடைசி இடத்தில் முடித்த அணி, அடுத்த வருடமே ஏறியும் வந்துவிட்டது. ஆர்சனல் அன்று ஏறியவர்கள்தான், அதன் பிறகு ஒரு முறைகூட இறங்கியதில்லை.

லோகேஷ்: மிகக் குறைந்த புள்ளி டார்பியின் 11-தானா?

வெற்றிக்கு 3 புள்ளி வந்த 1981-க்குப் பிறகு, மேல் டிவிஷனில், ஆம். 2007-08-ல் ஒரே வெற்றி, 8 டிரா, 29 தோல்வி. 1904-05-ல் டான்காஸ்டர் ரோவர்ஸ் இரண்டாம் டிவிஷனில் எடுத்த 8 புள்ளி, வெற்றிக்கு 2 என்ற காலத்தது, 34 ஆட்டத்துக்கு. பழைய கணக்கில் டார்பிக்கு 10 வரும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள்.

ஷாலினி: கோல்கீப்பர் கோல் அடித்து அணியைக் காப்பாற்றிய கதை ஒன்று உண்டாமே?

ஜிம்மி கிளாஸ், 1999 மே 8. அவர் ஆடிய கார்லைல் அணி அன்று ஜெயிக்காவிட்டால் நான்கு டிவிஷன் லீக்கை விட்டே வெளியே. இருந்த கோல்கீப்பரை விற்றுவிட்டு, மாற்று ஆளும் இல்லாமல், ஆள் எடுக்கும் கெடு முடிந்த பிறகு தனி அனுமதி வாங்கி ஸ்விண்டனிடமிருந்து கடன் வாங்கிய ஆள் அவர். பிளைமவுத்துக்கு எதிராக 1-1, கூடுதல் நேரமும் முடியப்போகிறது. கடைசி இடத்துக்குப் போகாமலிருக்க கார்லைலோடு மல்லுக்கட்டிய ஸ்கார்பரோ தங்கள் ஆட்டம் முடிந்து, பிழைத்துவிட்டோம் என்று மைதானத்தில் கொண்டாடிக்கொண்டிருந்தது. கார்லைலுக்குக் கார்னர். கிளாஸ் தன் கோலை விட்டு ஓடிவந்தார். சக ஆட்டக்காரர் முட்டிய பந்தைப் பிளைமவுத் கீப்பர் தட்டிவிட, அது கிளாஸின் காலடியில் விழுந்தது. 2-1. இறங்கியது ஸ்கார்பரோ.

கிளாஸ் கார்லைலுக்கு ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டம். கார்லைல் 2004-ல் எப்படியும் இறங்கிவிட்டது, அடுத்த வருடமே திரும்பியும் வந்தது. ஸ்கார்பரோ கடைசிவரை லீக்குக்குத் திரும்பவில்லை. 2007-ல் கிளப்பையே மூடிவிட்டார்கள்.