ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை ஆள் குடிக்கலாமா?

கேள்வி: ஆடுகளுக்குச் சொறிக்காக வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது. ஒரு வாரமாக எனக்கும் கையில் ஒரே அரிப்பு. சிரங்குக்கு டாக்டர் எழுதும் மாத்திரையும் இதே மருந்துதானாமே? ஒரு மில்லி குடித்தால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சரியாக இருப்பதுதான் சிக்கலே. மருந்து ஒன்றுதான். சிரங்குக்கு ஆளுக்குக் கொடுப்பதும் மாட்டுக்குப் போடுவதும் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். ஒரு சதவீத ஊசி மருந்தில் மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். காகிதத்தில் கணக்கு உதைக்காது.

ஆனால் அந்தப் பாட்டிலில் ஐவர்மெக்டின் மட்டுமா இருக்கிறது? விலங்கின் தோலுக்கடியில் போடுவதற்காக கிளிசரால் ஃபார்மல் போன்ற கரைப்பான்களில் கரைத்திருப்பார்கள். மனிதர் குடித்தால் அது எப்படி உடம்பில் ஏறும் என்று யாரும் சோதித்து அனுமதி தரவில்லை. சில பாட்டில்களில் ஈரல் புழுவுக்கான குளோர்சுலானும் கலந்திருக்கும். அது மனிதருக்கான மருந்தே அல்ல. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் அளவு. 300 கிலோ மாட்டுக்கு 6 மில்லி ஏற்றிப் பழகிய கை, அதே சிரிஞ்சில் தனக்கு அளந்தால் பிசகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அளவு மீறினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், தள்ளாட்டம், ரத்த அழுத்தம் இறங்குவது, முற்றினால் வலிப்பு, நினைவிழப்பு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. கொரோனா சமயத்தில் அமெரிக்காவில், அதற்கு மருந்து என்று நம்பி, குதிரைக்கான ஐவர்மெக்டின் பேஸ்ட்டை வாங்கித் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பார்த்துத்தான், 2021 ஆகஸ்டில் அந்நாட்டு மருந்து நிர்வாகம் ‘நீங்கள் குதிரையல்ல, மாடுமல்ல’ என்று ட்வீட் போட்டது.

சரி, உங்கள் அரிப்புக்கு வருவோம். ஆட்டுக்குச் சொறி இருக்கிறது என்கிறீர்கள். ஆட்டின் சொறிப்பூச்சி தூக்கிப் பிடிக்கும் கையிலும் ஏறும், அரிக்கும். ஆனால் மனிதத் தோலில் பெருகாது. ஆட்டைக் குணப்படுத்தினாலே பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆனால் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் அரித்து, ராத்திரியில் கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது மனிதச் சிரங்கு. அதற்குப் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம்தான் எழுதுவார்கள். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி, இரவு முழுக்க விட்டு, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். மாத்திரை தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம்.

யாராவது ஏற்கெனவே குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்ச மருந்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பால் கறக்கும் ஆடாக இருந்தால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அதற்கும் போட வேண்டாம். இந்த மருந்து பாலில் இறங்கும்.