அழுக்குப்படாத சட்டை

அன்புள்ள ஐயா,

கால்பந்து பற்றி நீங்கள் எப்போதாவதுதான் எழுதுகிறீர்கள். ஜப்பானின் நடுக்கள ஆட்டக்காரர் யசுஹிதோ என்டோ பற்றி எழுதுங்களேன் என்று கேட்கவே இந்தக் கடிதம். 2010 உலகக்கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீகிக்கைப் பார்த்து ரசிகன் ஆனவன் நான். ஜப்பானுக்காக 152 ஆட்டங்கள் ஆடியவர். ஆனால் 40 வயதில் காம்பா ஒசாகா கிளப்பை விட்டு, இரண்டாம் பிரிவில் இருந்த ஜூபிலோ இவாத்தாவுக்குப் போய், 2024 ஜனவரியில் ஓய்வை அறிவிக்கும்வரை ஆடிக்கொண்டே இருந்தார். எனக்கு அதில் வருத்தம். உச்சத்தில் இருக்கும்போதே விலகுவதுதானே கௌரவம்? ஒருமுறைகூட ஐரோப்பிய கிளப்பில் ஆடவில்லை என்பதும் குறைதானே? எங்கள் அலுவலகக் கூட்டத்தில் 'விடாமுயற்சி'க்கு இவரை உதாரணம் காட்டிப் பேச இருக்கிறேன். சில குறிப்புகள் தந்தால் உதவும்.

(நானும் நாலு வருடமாக ஒரே இடத்தில் காத்திருப்பவன்தான். அது வேறு கதை.)

கே., ஓசூர்

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு பழைய பனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன மாதம் ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது கிடைத்தது. மஞ்சள் நிறம், முதுகில் 14. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஐரோப்பா விஷயத்தை விடுங்கள். மாப்பிள்ளை வெளிநாட்டிலா இருக்கிறார் என்று விசாரிப்பதுபோலவே ஆட்டக்காரர்களையும் விசாரிக்கப் பழகிவிட்டோம். அவர் போகவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகக் கூட்டத்துக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. என்டோவின் படத்தைத் திரையில் போட்டு, கீழே 'விடாமுயற்சி' என்று எழுதி, பத்து நிமிடம் பேசிவிட்டு எல்லாரும் சமோசா சாப்பிடப் போவீர்கள். விடாமுயற்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பல்லைக் கடித்துக்கொண்டு முட்டி மோதுவது. அந்த ஆளின் ஆட்டத்தில் அது எங்கே இருக்கிறது? இத்தனை வருடம் ரசிகராக இருந்தீர்களே, அவர் முகத்தைப் பார்த்ததில்லையா? பஸ் தாமதமாகத்தான் வரும் என்று தெரிந்தே ஸ்டாப்பில் நிற்பவரின் முகம் அது.

அவர் கதையைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். பிறந்தது 1980-இல், ககோஷிமா விரிகுடாவில் இருக்கும் சகுராஜிமாவில். இன்றும் புகைந்துகொண்டிருக்கும் எரிமலை, சாம்பல் விழுந்தால் குடை பிடிக்கிற ஊர். மூன்று சகோதரர்களில் கடைக்குட்டி. நடு அண்ணன் அகிஹிரோ, 1996 ஒலிம்பிக்கில் பிரேசிலை 1-0 என்று வீழ்த்திய ஜப்பான் அணியில் இருந்தவர். தம்பி 1998-இல் யோகோஹாமா ஃப்ளூகல்ஸில் சேர்ந்தார். அண்ணன் ஆடியது அதே ஊரின் இன்னொரு அணியான மரினோஸில். அந்த வருடம் அக்டோபரில் ஃப்ளூகல்ஸுக்குப் பணம் போட்டுவந்த நிறுவனம் ஒன்று கைவிரிக்க, அணியை மரினோஸோடு இணைப்பதாக அறிவித்துவிட்டார்கள். கலையப்போகிறோம் என்று தெரிந்த அணி அதற்குப்பிறகு தோற்கவே இல்லை. 1999 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஷிமிசுவை 2-1 என்று வென்று, கையில் கோப்பையோடு கலைந்தது. பதினெட்டு வயசுப் பையனுக்கு முதல் வேலை, சேர்ந்த வருடமே கம்பெனி மூடல், அதையும் அண்ணன் கம்பெனி எடுத்துக்கொண்டது!

அடுத்து கியோத்தோ அணி. அது 2000-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதே வருடம் சிட்னி ஒலிம்பிக்குக்கு மாற்று ஆளாகக் கூட்டிப்போனார்கள். பட்டியலில் பெயர் இல்லை. கேலரியில் உட்கார்ந்து பார்த்தார். 2002-இல் உலகக்கோப்பை சொந்த நாட்டிலேயே நடந்தது, அழைப்பு வரவில்லை. 2006-இல் வந்தது. ஜெர்மனியில் மூன்று ஆட்டங்கள்: ஆஸ்திரேலியாவிடம் 3-1 தோல்வி, குரோஷியாவோடு கோலில்லாத சமன், பிரேசிலிடம் 4-1 தோல்வி. கோல்கீப்பர்களை விட்டுவிட்டால் மீதி 20 பேர். அதில் 19 பேரை ஏதாவதொரு நேரத்தில் களத்தில் இறக்கினார் பயிற்சியாளர் ஜீக்கோ. இறங்காத அந்த ஒருவர் என்டோ.

இப்போது பனியன். எங்கள் கடற்கரை ஊர்களில் மே மாதம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி நடக்கும். நான் எங்கள் அணிக்குப் பத்தாவது ஆள். ஐந்து ஆட்டமும் கோட்டுக்கு வெளியே இருந்தேன். குடத்தில் தண்ணீர் கொண்டுபோனேன், எலுமிச்சம்பழம் நறுக்கினேன், யாரும் சொல்லாமலே உடம்பைச் சூடாக்க அங்குமிங்கும் ஓடினேன். அரையிறுதியில் எங்கள் ஆள் ஒருவர் கணுக்கால் பிசகி விழுந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். கேப்டன் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அப்புறம் விழுந்தவரிடம் போய், "நொண்டிக்கிட்டாவது நில்லு, போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பனியனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன மக்களே, வெளுத்த சட்டை வெளுத்தபடியே இருக்கு. நீ ஆடலியா?" ஆடினேன் என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. துவைக்கவும் இல்லை. அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். முப்பத்தெட்டு வருடம் கழித்து அதே மடிப்போடு எடுத்தேன்.

அடுத்த மே மாதம் நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. பந்தைக் கண்டாலே எரிச்சல். அந்த எரிச்சலில் ஒரு பகுதியை வைத்துத்தான் எழுத்தாளன் ஆனேன் என்று நினைக்கிறேன், அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஜெர்மனி பெஞ்சில் என்டோ என்ன நினைத்தார் என்று கதை கட்டவும் மாட்டேன். ஜீக்கோவுக்குப்பின் வந்த இவிசா ஓசிம், ஓடி உழைக்கும் ஆட்டக்காரர்களை விரும்புபவர். தண்ணீர் சுமப்பவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்தவர். அப்படிப்பட்டவர், வேகத்துக்குப் பெயர்போகாத என்டோவை அழைத்துக்கொண்டார். அந்த வருடமே கல்லீரல் அழற்சி வந்து படுத்தார் என்டோ, எழுந்து வந்தார். 2009-இல் ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரர். 2010-இல் ருஸ்டன்பர்க்கில் நீங்கள் பார்த்த அந்த ஃப்ரீகிக். அணித்தோழர் ஹோண்டா ஏற்கெனவே 17-ஆம் நிமிடம் ஒரு ஃப்ரீகிக்கைக் கோலாக்கியிருந்தார். 30-ஆம் நிமிடம் இரண்டாவது கிடைத்தபோது எல்லாருக்கும் ஹோண்டா மேல்தான் கண். அடித்தது என்டோ.

சரி, நான் சொல்ல வந்தது ஃப்ரீகிக் பற்றி இல்லை, பெனால்டி பற்றி. இதைப் பேசியே நண்பர்களை விரட்டியிருக்கிறேன், நீங்களாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெனால்டிப் புள்ளியிலிருந்து கோலுக்கு 11 மீட்டர். ஓங்கி அடித்த பந்து அரை நொடிக்குள் போய்விடும். அதனால் கீப்பர் அடிப்பதற்குமுன்பே ஒரு பக்கத்தை முடிவுசெய்து பாய்கிறார். அடிப்பவரும் முன்கூட்டியே ஒரு மூலையை முடிவுசெய்து, தலையைக் குனிந்து, முழுப் பலத்தோடு அடிக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. என்டோ பார்த்தார். ஓடிவருவது என்று அதைச் சொல்ல முடியாது, மாடிப்படி இறங்குவது மாதிரி நாலைந்து எட்டு. கண் பந்தில் இல்லை, கீப்பரிடம். கடைசி எட்டில் கீப்பரின் எடை ஒரு காலுக்கு மாறும். முழங்கால் லேசாக மடங்கும், அவ்வளவுதான் அடையாளம். அதற்குப்பிறகு என்டோ பாதத்தின் உட்புறத்தால் மறுபக்கம் பந்தைத் தள்ளிவிடுவார். அடிப்பதில்லை, தள்ளுவதுதான். பந்து உருண்டு உருண்டு போகும். ஒரு பக்கம் விழுந்து கிடக்கும் கீப்பர், தன்னைத் தாண்டி அது மெதுவாகக் கோட்டைக் கடப்பதைத் தலையைத் திருப்பிப் பார்ப்பார். நேரம் இருக்கிறது, எழுந்து ஓடலாம் என்றுகூடத் தோன்றும். எழ முடியாது.

ஜப்பானியர் இதற்கு 'கொரொகொரோ பெனால்டி' என்று பெயர் வைத்தார்கள். கோலிகுண்டு மாதிரிச் சின்னப் பொருள்கள் உருளும்போது சொல்கிற சொல் அது. நம்மிடம் 'கடகட' இருக்கிறது, ஆனால் அது வண்டிச் சக்கரத்துக்கு. இந்தப் பந்துக்கு நம்மிடம் சத்தம் இல்லை.

கீப்பர் கடைசிவரை அசையாமல் நின்றால்? ஓரமாக அழுத்தி அடிக்க வேண்டியதுதான். பார்த்தபிறகே முடிவு, அதுதான் விஷயம். 2008 டிசம்பரில் கிளப் உலகக்கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் காம்பா 5-3 என்று தோற்றது. அதில் ஒரு கோல் 85-ஆம் நிமிடம் என்டோ போட்ட பெனால்டி. எதிரே நின்ற கீப்பர் வான் டெர் சார். அதே வருடம் மே மாதம் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அனெல்காவின் பெனால்டியைத் தடுத்து யுனைடெட்டுக்குக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர்.

எல்லாரும் அவசரப்படுகிற நாலைந்து எட்டுக்குள்கூட ஒருவரால் காத்திருக்க முடிகிறது என்றால், கேலரியும் பெஞ்சும் அவருக்கு வெறும் காத்திருப்பாக இருந்திருக்காது, பார்க்கும் இடமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். நான் அங்கே எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டு கேப்டனைத்தான் பார்த்தேன், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எங்கள் அணி எப்படிக் கோல் வாங்கியது என்றுகூட இன்று நினைவில்லை.

கௌரவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உச்சம் என்கிறீர்களே, தேதி சொல்லுங்கள். 2009-ஆ? 2012-இல் காம்பா லீக்கிலேயே அதிகமாக 67 கோல் போட்டும், கிட்டத்தட்ட அதே அளவு வாங்கி, 17-ஆம் இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. தேசிய அணியின் நடுநாயகமாக இருந்த என்டோ கூடவே இறங்கினார். மறுவருடம் ஏறினார்கள். அதற்கு அடுத்த வருடம், 2014-இல், லீக், லீக் கோப்பை, பேரரசர் கோப்பை மூன்றையும் வாங்கினார்கள், 34 வயதில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. நீங்கள் சொன்ன கௌரவத்தைக் கேட்டு 2012-இல் விலகியிருந்தால் இது எதுவும் இல்லை. தேசிய அணியில் அவருடைய கடைசி ஆட்டம் 2015 ஆசியக் கோப்பைக் காலிறுதி. 54-ஆம் நிமிடம் அவரை வெளியே எடுத்து ஷிபாசாகி என்ற இளைஞரை அனுப்பினார்கள். அந்தப் பையன்தான் சமன் செய்த கோலைப் போட்டான். அப்புறம் பெனால்டியில் தோற்றார்கள், என்டோ வெளியே இருந்தார். இவாத்தாவிலும் இரண்டுமுறை மேலே ஏறினார்கள், நடுவே ஒருமுறை இறங்கினார்கள். ஆக, முதல் பிரிவில் மட்டும் 672 ஆட்டங்கள். வருத்தம் உங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டருக்குத்தான், அவருக்கு இல்லை.

கூட்டத்துக்குக் குறிப்பு தர மாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள், பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கே. கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான். வேறு கதை என்று தள்ளிவிட்டீர்கள். அதை எழுதி அனுப்புங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தப் பக்கத்தில் போட மாட்டேன்.