கோத்தகிரி கிரீன் டீக்கு முதலீடு: மாமா பணமா, வங்கிக் கடனா?

கேள்வி: நான் 29 வயதுப் பெண். பி.எஸ்சி. முடித்து கோவையில் வேலை பார்த்தேன். இப்போது கோத்தகிரி பக்கம் எங்கள் கிராமத்துக்கே வந்துவிட்டேன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போட்டால் வரும் காசு பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போகிறது. அதனால் கையால் உருட்டி கிரீன் டீ செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். செலவு போக கிலோவுக்கு 500 ரூபாய் நிற்கிறது. சின்ன ரோலர், டிரையர், பேக்கிங் எல்லாம் சேர்த்து 12 லட்சம் வேண்டும். மாமா 5 லட்சம் தருகிறார், பாதிப் பங்கு கேட்கிறார். அப்பா தோட்டத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். அம்மாவின் நகையும் இருக்கிறது. ஸ்டார்ட்அப் என்று பதிவு செய்தால் அரசு பணம் தரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தைத் தனி ஆள் பெயரில் நடக்கும் தொழிலுக்குத் தர மாட்டார்கள். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி, பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்ற அமைப்பு வேண்டும். தமிழக அரசின் டான்சீட் ஆதார நிதியும் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குத்தான். புதுமையும் வேகமாகப் பெருகும் வாய்ப்பும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். கையால் உருட்டும் தேயிலை அருமையான பொருள். ஆனால் ஐந்து வருடத்தில் பத்து மடங்காகும் தொழில் இல்லை, ஆகவும் வேண்டாம். தரம்தானே உங்கள் விலை?

உங்களுக்குப் பொருந்துவது பிஎம்இஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். 12 லட்சத்துக்கு நீங்கள் போடுவது 60,000 ரூபாய், வங்கி தருவது 11.40 லட்சம், அதில் மானியம் 4.20 லட்சம். அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் உங்கள் பெயரில் வைப்பாக இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழியும். அந்தத் தொகைக்கு வட்டியும் போட மாட்டார்கள். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டமும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொழில்களுக்கு உண்டு, ஆனால் மானியம் 25 சதவீதம்தான். ஒரே தொழிலுக்கு இரண்டையும் வாங்க முடியாது.

இதில் மூன்று இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். பிஎம்இஜிபியில் தேயிலை சாகுபடிக்குக் கடன் கிடையாது, மதிப்புக் கூட்டலுக்கு உண்டு. எனவே ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் தோட்டச் செலவு ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது, முழுக்கப் பதப்படுத்துதலாக எழுதுங்கள். அடுத்து, இது புதிய தொழிலுக்கு மட்டும். கடன் ஒப்புதலாகும் முன் ரோலரை வாங்கிவிடாதீர்கள், கொட்டேஷன் மட்டும் வாங்கி வையுங்கள். இதுவரை வீட்டளவில் விற்றதையும் மறைக்காமல் சொல்லி, இது புதிய தொழிலாகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, தனிநபருக்கான திட்டம் இது. மாமாவைக் கூட்டாளியாகச் சேர்த்துவிட்டுப் போனால் விண்ணப்பமே நிற்காது.

மாமா விஷயத்துக்கு வருவோம். 5 லட்சத்துக்குப் பாதி என்றால், உங்கள் படிப்பு, கைப்பக்குவம், இனி வரும் பத்து வருட உழைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் போடும் விலையும் அதே 5 லட்சம்தான். அவர் மேல் தப்பில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பங்காக வேண்டாம், ஒன்றரை லட்சம் கடனாகக் கேளுங்கள். வட்டியும் தவணையும் எழுதி, வங்கி வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். சொந்தம் கெடாமல் இருக்கத்தான் எழுத்து!

இனி தவணைக் கணக்கு. மானியம் போக 7.20 லட்சம், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்தால் மாதம் சுமார் 15,650 ரூபாய். கிலோவுக்கு 500 என்றால், தவணைக்கே மாதம் சுமார் 31 கிலோ விற்றாக வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட 150 கிலோ கொழுந்து. அந்த 500-இல் உங்கள் கூலியைக் கழித்தீர்களா? கழிக்காவிட்டால் 31 என்பது 45 ஆகலாம். இப்போது மாதம் எவ்வளவு விற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 20 கிலோகூட இல்லையென்றால் இந்தக் கடனே இப்போது வேண்டாம். டிரையர் மட்டும் வாங்கும் அளவுக்குத் திட்டத்தை 5 லட்சமாகச் சுருக்குங்கள்.

சீசன் கூட்டத்தை நம்பி இந்த எண்ணைப் போட்டுவிடாதீர்கள். 2024 மே முதல் மலைக்கு இ-பாஸ். மழை மாதங்களில் ஊட்டி, குன்னூர் கடைகளில் வியாபாரம் படுக்கும், உறைபனியில் கொழுந்தும் குறையும். கடைக்காரர்கள் விற்ற பிறகுதான் காசு தருவார்கள். ஆறு மாதத் தவணையைத் தாங்கும் பணம் தனியாக இருக்கட்டும். மாமாவின் ஒன்றரை லட்சம் அதற்குத்தான்.

நகைக் கடன் பெரும்பாலும் வருடத்துக்குள் திருப்ப வேண்டிய கடன். எந்திரத்துக்கு அது ஆகாது. தோட்டத்தை வைக்கவே வேண்டாம், ஃபேக்டரி விலை எவ்வளவு குறைவானாலும் வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும் சிஜிடிஎம்எஸ்இ என்ற அமைப்பு இருக்கிறது. இந்த அளவுக் கடன் அதன் உத்தரவாதத்தில் அடமானம் இல்லாமலே கிடைக்க வழி உண்டு. மேலாளர் பத்திரம் கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் ஊட்டியில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்த் திட்டத்தின் இப்போதைய விதிகளைக் கேளுங்கள். குன்னூரில் தேயிலை வாரிய அலுவலகத்தில் தயாரிப்புக்கான பதிவையும் விசாரியுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், யாராவது அதற்குக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.