சோடியம், கால்சியம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால், இதயத் தசை செல்லின் கால்சியம் சேனல் கால்சியத்தை மட்டும் எப்படி உள்ளே விடுகிறது?

சேனலை, அதாவது செல்லின் சவ்வில் அயனிகள் கடக்கும் புரதத் துளையை, சல்லடை மாதிரி நினைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. இரண்டு அயனிகளின் ஆரமும் 1 ஆங்ஸ்ட்ராமை (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) ஒட்டித்தான் வருகிறது. போதாததற்கு, செல்லுக்கு வெளியே சோடியத்தின் செறிவு சுமார் 140 மில்லிமோலார். தனி அயனியாக இருக்கும் கால்சியமோ 1-ஐச் சற்றே தாண்டும். நூறு மடங்குக்கு மேல் சோடியம் நெருக்கிக்கொண்டு நிற்க, கால்சியம்தான் உள்ளே போகிறது. உடலியங்கியலில் என்னை மிகவும் வியக்கவைத்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: துளை சோடியத்துக்குப் போதாத அளவு சிறியது இல்லை. அதன் மிகக் குறுகிய இடமே சுமார் 6 ஆங்ஸ்ட்ராம். வெளியிலிருந்து கால்சியத்தை அறவே நீக்கிவிட்டால் சோடியம் தாராளமாகப் பாய்கிறது. பிறகு ஒரு மைக்ரோமோலார் (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் கால்சியம் சேர்த்தால் போதும், அந்தச் சோடியம் ஓட்டம் பாதியாகக் குறைந்துவிடும். ஆக, சோடியத்தை மறித்து நிற்பதே கால்சியம்தான்.

துளையின் குறுகலில் நான்கு குளூட்டமேட்கள் (ஒரு வகை அமினோ அமிலம்) உள்நோக்கி நிற்கின்றன, சேனல் புரதத்தின் நான்கு பகுதிகளிலிருந்தும் ஒவ்வொன்றாக. நான்குக்கும் எதிர்மின்சுமை. இரட்டை நேர்மின்சுமை உள்ள கால்சியத்தை அவை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஒற்றை மின்சுமை உள்ள சோடியத்தால் அந்த இடத்தைப் பறிக்க முடிவதில்லை.

இங்கேதான் ஒரு முரண் வருகிறது. அவ்வளவு இறுகப் பிடித்தால் ஒரு கால்சியம் தானாக விடுபட்டு வர நேரம் ஆகும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஆயிரம் அயனிகள்தான் தேறும். உண்மையில் நொடிக்குப் பத்து லட்சம் வரை கடக்கின்றன. ஹெஸ், சியென் இருவரும் இதய செல்களிலும், ஆல்மர்ஸ், மெக்ளெஸ்கி இருவரும் தவளைத் தசையிலும் ஆராய்ந்து, 1984-இல் ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: துளைக்குள் ஒரே சமயத்தில் இரண்டு கால்சியம் இருக்க முடியும். பின்னால் வருவது முன்னால் உள்ளதை மின்விலக்கத்தால் தள்ளுகிறது, பிடி தளர்கிறது, முன்னது செல்லுக்குள் போய்விடுகிறது. தள்ளும் அளவுக்கு அடிக்கடி வந்து சேரக் கால்சியம் மில்லிமோலார் செறிவில் இருக்க வேண்டும், இரத்தத்தில் அது அப்படித்தான் இருக்கிறது. எனக்கு இது மிக அழகான விடை.

பொட்டாசியம் சேனல் வேறு வழியைப் பின்பற்றுகிறது: அங்கே துளை குறுகல், ஆக்ஸிஜன் அணுக்கள் பொட்டாசியத்தைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகளுக்கு ஈடாகப் பொருந்துகின்றன, சிறிய சோடியத்துக்கு அந்தப் பொருத்தம் கிடைப்பதில்லை. மெக்கினன் குழு 1998-இல் ஒரு பாக்டீரியாவின் சேனலில் அந்த அமைப்பை வெளிக்கொண்டுவந்தது.

கால்சியம் சேனலில் நான்கு குளூட்டமேட்கள் உள்ள அதே இடங்களில், சோடியம் சேனலில் ஆஸ்பார்டேட், குளூட்டமேட், லைசின், அலனின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. எலியின் மூளைச் சேனலில் கடைசி இரண்டையும் குளூட்டமேட்டாக மாற்றிப் பார்த்தார்கள், 1992-இல். சோடியம் சேனல் கால்சியம் சேனலைப் போலவே தேர்வு செய்யத் தொடங்கிவிட்டது.